அப்பாவின் நடுக்கம் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: எங்கள் ஊர் தம்பலகாமம். அப்பாவுக்கு 69 வயது, காலம் முழுக்க வயல் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் திருகோணமலையில் காட்டியபோது பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார்கள். பெரியப்பாவுக்கும் கை நடுங்கும். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சிந்திவிடும். இப்போது தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் “இது பரம்பரை வருத்தமா?” என்று கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, எச்சில் அனுப்பி ஜீன் பரிசோதனை செய்து பார்ப்போம் என்கிறார். செய்யலாமா?

பதில்: அந்தக் காசை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம்.

பார்க்கின்சனில் ஜீன்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது இரண்டு விதமாக வரும். தம்பலகாமத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததுபோல ஒரே உடைப்பில் பாய்வது ஒன்று. வயல் வரம்பில் நண்டு வளை போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தண்ணீர் கசிவது மற்றது.

1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் கண்டுபிடித்தது குளக்கட்டு வகை. அல்பா-சினுக்ளீன் என்ற புரதத்துக்கான ஜீனில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. தலைமுறை தலைமுறையாக நோய் வந்தது, பலருக்கு 50 வயதுக்கு முன்பே. இப்படியான குடும்பங்கள் மிக அரிது.

நம்மில் பெரும்பாலானோரிடம் இருப்பது நண்டு வளைகள். அதே ஜீனின் அருகிலும் வேறு பல இடங்களிலும், மக்களிடையே பரவலாகக் காணப்படும் சின்னச் சின்ன மாற்றங்கள். 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று இப்படி 90 அடையாளங்களைக் காட்டியது. அவற்றில் அநேகமானவை தனித்தனியே கூட்டும் ஆபத்து அற்பம். 1000 பேரில் 10 பேருக்கு வரக்கூடியது 11 அல்லது 12 பேருக்கு வரும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் பரம்பரைப் பங்கில் ஒரு பகுதிக்குத்தான் கணக்குக் கிடைக்கிறது. அதிலும் அந்த ஆய்வு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்தது. அவர்களுக்கு அளந்த கோலால் தங்கச்சியை அளந்து என்ன பயன்?

தபாலில் வரும் எச்சில் பரிசோதனையில் இன்னொரு சிக்கல். பார்க்கின்சனுக்கென்று அவற்றில் சில பார்ப்பது, யூதர்களிடமும் வட ஆபிரிக்கரிடமும் கூடுதலாக இருக்கும் ஓரிரு மாற்றங்களை மட்டுமே. நம்மவரிடம் அவை அபூர்வம். ‘இல்லை’ என்று பதில் வந்தால் ஆறுதல் கொள்ளவும் முடியாது. ‘உண்டு’ என்று வந்தாலும் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வராமல் தடுக்க இன்றுவரை மருந்தும் இல்லை.

ஜீன் பரிசோதனை பற்றி நான் நரம்பியல் வைத்தியரிடம் பேசச் சொல்வது, 40 வயதுக்கு முன் நோய் தொடங்கியிருந்தால், அல்லது மூன்று நான்கு பேருக்கு வந்திருந்தால். இளவயதில் தொடங்கி, தாய் தகப்பன் சொந்தத்துக்குள் முடித்தவர்கள் என்றால் பார்க்கின் என்ற ஜீனையும் யோசிப்போம். உங்கள் அப்பா இதில் எதிலும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். 60 வயது தாண்டியவர்களில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது இருக்கும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கான வாய்ப்பு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் 100 பிள்ளைகளில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு வராது. வந்தாலும் பெரும்பாலும் முதுமையில்தான்.

ஜீனை விட அப்பாவின் வயலைப் பற்றி நான் அதிகம் விசாரிப்பேன். பராகுவாட் என்ற களைநாசினிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. இலங்கையில் 2008 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அப்பா அதற்கு முன்பே பல போகம் மருந்தடித்திருப்பார். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தம்பியோ மச்சானோ இன்றைக்கும் வெறுங்கையோடு மருந்து கலக்கினால் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாகப் பெரியப்பா. அவரது நடுக்கம் எனக்குப் பார்க்கின்சன்போலத் தெரியவில்லை. பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், பெருவிரலும் சுட்டுவிரலும் பீடி சுருட்டுவதுபோல. கோப்பையை எட்டிப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கும். தூக்கும்போது சிந்துவது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம். சில மாத்திரைகளாலும் நடுக்கம் வரும்: தலைச்சுற்றுக்குப் போடும் சினரிசின், வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட். அப்பாவின் அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.