வேதியியலில் 51 வாங்கியவள் டாக்டராகலாமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு ஊர் தேனி மாவட்டம் கூடலூர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தேன். உயிரியல் 86, இயற்பியல் 68, வேதியியல் 51. வேதியியல் எழுத்துத் தேர்வில் 70க்கு 23தான். செய்முறை 19, அகமதிப்பீடு 9. நீட்டில் 720க்கு 254. விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்தேன்; வேதியியலில் 14 சரி, 22 தப்பு, 9 எழுதவில்லை. அப்பா இல்லை. அம்மா தினமும் ஜீப்பில் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார். "கெமிஸ்ட்ரியே வராத பிள்ளைக்கு டாக்டர் படிப்பு எதுக்கு? பி.காம். சேர்த்துவிடு" என்கிறார் தாய்மாமா. 6, 7 வகுப்புகளைப் பாட்டி வீட்டில் தங்கி, கேரளத்தில் இருக்கும் வண்டிப்பெரியாற்றில் படித்ததால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் எனக்கு இல்லையாம். இன்னொரு வருஷம் முயற்சி செய்யட்டுமா? வேதியியல் எனக்கு வரவே வராதா?

பெயர் வேண்டாம், கூடலூர்.

பதில்: தாயி, உன் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 14, 22, 9. மார்க் குறைந்தால் தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். நீ உட்கார்ந்து எண்ணியிருக்கிறாய். அதனால் உன்னிடம் ஒளிக்காமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். இடத்துக்கு வேதியியலில் மட்டும் இத்தனை மார்க் வேண்டும் என்று தனி விதி கிடையாது. பாடத்தில் தேர்ச்சி வேண்டும், அவ்வளவுதான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். உனக்கு 300க்கு 205. அறுபத்தெட்டு சதவீதத்துக்கும் மேல். அதற்கப்புறம் தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்தான். வயதுக்கு உச்சவரம்பு இல்லை, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டும் இல்லை. மாமா சொல்கிற கதவு மூடவில்லை.

சரி, இனி கசப்பானதைச் சொல்கிறேன். உன் மார்க் 51 என்று நினைக்காதே. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 28 கொடுத்திருக்கின்றன. பாடம் உனக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்வது அந்த 70க்கு 23தான். நீட்டில் 14 சரிக்கு 56 கிடைத்து, 22 தப்புக்கு 22 போய், 34 மிஞ்சியது. இரண்டு தேர்வும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. நீட்டில் 180 கேள்விகளில் 45 வேதியியல், மொத்தத்தில் கால் பங்கு. உயிரியலை வைத்து அதைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வேதியியலைச் சரிசெய்யாமல் நீ இன்னொரு வருஷம் வீட்டில் இருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆனால் "வரவே வராதா" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். 1990-ல் பிளஸ் டூ வேதியியலில் நான் வாங்கியது 200க்கு 117. அப்போது பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வையும் சேர்த்துத்தான் மருத்துவ இடம். வகுப்பில் எல்லார் முன்னாலும் என் மார்க்கை வாசித்த ஆசிரியர், "உனக்கு இது ஆகாது" என்றார். எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் வயதான கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். மிக்ஸ்சர் கலந்து கொடுப்பவர். அவர்தான் எனக்கு மோல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார், அதுவும் ஏலக்காயை வைத்து.

உனக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நீ காய்க்குள் வளர்ந்தவள். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி யாராவது காயை எண்ணி வாங்குகிறாரா? நிறுத்துத்தான் வாங்குகிறார். ஆனால் 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காயில் ஆயிரத்தை எடுத்து நிறுத்தால் ஒரு எடை, அதற்குக் கீழே விழுந்த பொடிக் காயில் ஆயிரத்தை நிறுத்தால் வேறு எடை. எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. அணுவும் அப்படித்தான். எண்ண முடியாத அளவுக்குச் சின்னது, அதனால் நிறுக்கிறோம். 23 கிராம் சோடியத்திலும் 35.5 கிராம் குளோரினிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, 6.022 × 10²³. அந்த எண்ணிக்கைக்குப் பெயர்தான் மோல். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்த சூத்திரங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன என்று தெரிந்தது. அடுத்த வருஷம், மார்க்கை உயர்த்த அப்போது இருந்த இம்ப்ரூவ்மென்ட் தேர்வை எழுதினேன், 172 வந்தது, இடமும் கிடைத்தது.

உனக்கும் ஓட்டை அங்கேதான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். பிளஸ் டூ பாடத்தில் தேடாதே, பதினொன்றாம் வகுப்பு முதல் பாடத்தில் தேடு: அடிப்படைக் கருத்துகளும் வேதிக் கணக்கீடுகளும். அது உறுதியாக இல்லாமல் அயனிச் சமநிலை, மின்வேதியியல், வேகவியல் எதையும் கணக்காகப் போட முடியாது. முதல் இரண்டு மாதம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

வேதியியலில் இந்தக் கணக்குப் பகுதி போக, மற்ற இரண்டு பகுதிகளுக்கு மருந்து வேறு. கரிம வேதியியலை நம் பிள்ளைகள் வினைக்கு ஒரு பெயர் என்று நூறு பெயர்களை உருப்போடுகிறார்கள். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு, எது எதை நோக்கிப் போகும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதி மனப்பாடம் தேவையே இல்லை. கனிம வேதியியலுக்கோ தினமும் அரை மணி நேரம் வாசிப்பு வேண்டும், குறுக்குவழி கிடையாது. பி-தொகுதி, இடைநிலைத் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள் மூன்றையும் விடாதே. இன்னொன்று, 2024-ல் நீட் பாடத்திட்டம் குறைக்கப்பட்டபோது திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்றவை போய்விட்டன, செய்முறை வேதியியல் உள்ளே வந்தது. உப்புப் பகுப்பாய்வில் நீ கெட்டிக்காரி என்று அந்த 20க்கு 19 சொல்கிறது. அதை மார்க்காக மாற்று.

இந்த வேதியியல் எல்லாம் டாக்டருக்கு எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. எல்லைப் பக்கத்தில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஜீப்பில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மருந்தடிக்கிற ஆள். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, மூச்சுக்குழாயில் சளி நிரம்பி மூச்சு விட முடியவில்லை. ஆர்கனோபாஸ்பேட் விஷம். அந்தப் பூச்சிமருந்தின் பாஸ்பரஸ், நரம்புச் செய்தியை நிறுத்துகிற ஒரு நொதியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நொதி முடங்கியதும் அந்தச் செய்தியைச் சுமக்கிற அசிட்டைல்கோலின் குவிகிறது, உடம்பு முழுக்க நரம்புகள் ஓயாமல் கத்துகின்றன. அட்ரோபின் கொடுத்தால் அந்தக் கத்தலில் ஒரு பகுதி அடங்கும், சளி வற்றும். ஒட்டிய பாஸ்பரஸைப் பிடுங்குவது இன்னொரு மருந்து, பிராலிடாக்சிம். பெயரின் கடைசியைப் பார். கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் ஆல்டிஹைடும் ஹைட்ராக்சிலமீனும் சேர்ந்து ஆக்சிம் தரும் என்று ஒரு சமன்பாடு வருமே, அந்த ஆக்சிம்தான். கருக்கவர்பொருளாக, அதாவது எலக்ட்ரான் குறைவான இடத்தைத் தேடிப் போகிற பொருளாக, பாஸ்பரஸைத் தாக்கி நொதியை விடுவிக்கிறது. நேரமாகிவிட்டால் பிணைப்பு இறுகிவிடும், அப்புறம் இழுக்க முடியாது. ஏன் நேரம் முக்கியம் என்பதற்கு விடை வேதியியலில்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது உன் அம்மா ஞாபகம் வருகிறது. மருந்தடித்த செடியில் அன்றைக்கே காய் எடுக்கச் சொன்னால் மறுக்கச் சொல். கையுறை போட்டுக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கட்டும். வேர்வை, எச்சில், கண் மங்கல், மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் சோடா, மோர் என்று நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒதுக்கீடு விஷயத்தில் உனக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். 2020-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இடம் வேண்டுமானால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வண்டிப்பெரியாற்றில் நீ படித்ததும் தமிழ்தான், சாப்பிட்டதும் தோட்டத் தொழிலாளி வீட்டுச் சோறுதான், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம். இது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வேலை தேடி மலையேறியவர்களின் பிள்ளைகளுக்கு இந்த விதி இடறுகிறது என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். அதற்காக அந்த இரண்டு வருஷத்தை மறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. பிறகு தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். மாநிலக் கலந்தாய்வின் மற்ற இடங்களும் உன் சாதிப் பிரிவுக்கான இடங்களும் உனக்கு இருக்கின்றன. கொஞ்ச காலம் வெளிமாநிலத்தில் படித்ததால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். உத்தமபாளையம் தாலுகா அலுவலகம்தான் உங்களுக்கு; இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கி வை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ்ஸுக்கு உன் 51 தடையில்லை என்றேன். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்ற படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை, அங்கேதான் இந்த 51 உன்னைக் கீழே இழுக்கும். இருந்தாலும் இந்த வருஷமே விண்ணப்பம் போட்டுவிடு. அரசுக் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தால் அம்மாவோடு உட்கார்ந்து நிதானமாக யோசி. நர்ஸ் வேலையை டாக்டருக்கு ஒரு படி கீழே என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி வார்டில் நோயாளியின் உயிர் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மனசு அதில் பதிந்தால் போ. பதியவில்லையென்றால், நோயாளியையும் சேர்த்து யோசித்துச் சொல்கிறேன், போகாதே.

இடம் கிடைக்கவில்லை, அல்லது மனசு கேட்கவில்லை என்றால், ஒரு வருஷம் எடுத்துக்கொள். ஒரே ஒரு வருஷம். மூன்று நான்கு வருஷம் வீட்டிலேயே இருந்து நீட் எழுதி, மனசு உடைந்து என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. அம்மாவின் தோட்டக் கூலியில் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கோச்சிங் போகாதே. இரண்டு வருஷப் பாடப் புத்தகமும் பழைய நீட் வினாத்தாள்களும் முதலில் போதும். டிசம்பர் கடைசியில் முழுசாக மூன்று மணி நேரம் வைத்து ஒரு பழைய தாளை எழுது. வேதியியலில் 45க்கு 25 சரியாக வரவில்லை என்றால் எனக்கு எழுது, அப்போது வேறு பாதை பேசலாம்.

தமிழில்தான் தேர்வு எழுதியிருப்பாய். அப்படியே எழுது. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கிலக் கலைச்சொல்லையும் நோட்டில் பக்கத்தில் எழுதிப் பழகு. மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. யாரையும் நம்பி இருக்காமல் இரண்டு வரியையும் நீயே படித்துப் பார்ப்பதுதான் நல்லது.

மாமாவிடம் சண்டை போடாதே. உங்கள் வீட்டுக்கு ஓர் ஆண் துணையாக நின்று அவர் பயப்படுகிறார். இந்த ஒரு வருஷக் கணக்கை, டிசம்பர் தேதியோடு, ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய். பக்கத்து மருந்துக் கடையில் உலகச் சுகாதார நிறுவன அளவுப்படியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று வாங்கு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம் என்று இருக்கும். அப்படிக் கலந்தால் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல் வர வேண்டும். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5, அதிலிருந்து சுமார் 44 மில்லிமோல்தான் வருகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? சிட்ரேட்டின் மோலார் நிறை 294, ஒரு மூலக்கூறில் சோடியம் எத்தனை என்பதைப் பெயரே சொல்கிறது. கணக்கைப் போட்டு, என்ன வந்தது என்று ஒரு தபால் கார்டில் எனக்கு எழுதி அனுப்பு.