வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே

அன்புள்ள அண்ணனுக்கு,

குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் தன் பிளேஸ்டேஷன் 4-ஐ எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாறசாலையிலுள்ள கல்லூரி நண்பன் ‘டெவில் மே கிரை 5’ என்ற சண்டை விளையாட்டின் டிஸ்க்கைத் தந்தான். முதல் மூன்று மிஷன்களை முடித்துவிட்டேன். முக்கோணப் பொத்தானை விடாமல் தட்டுகிறேன், பேய்கள் சாகின்றன. ஆனால் திரையின் வலப்பக்கம் வரும் எழுத்து டி, சி என்றே நிற்கிறது, எப்போதாவது பி. நண்பன் ஆடும்போது எஸ்எஸ்எஸ் வருகிறது. பாட்டும் கூடவே உச்சத்துக்குப் போகிறது. கவனித்துப் பார்த்தால் அவன் என்னைவிட மெதுவாகத்தான் பொத்தானை அழுத்துகிறான்!

எல்2 பொத்தான் எதற்கென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கதாநாயகன் நீரோவின் இயந்திரக் கை சண்டைக்குச் சண்டை உடைந்துபோகிறது. முன்சிறைப் பக்கம் அடிமுறை என்ற சண்டைக்கலை படித்த என் மாமா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “இப்பிடி அந்தரத்துல சாடிட்டு நின்னா ஒரே அடியில தீந்துரும்டே” என்று எழுந்து போய்விட்டார். இந்தச் சண்டை முறையில் உண்மையிலேயே ஆழம் இருக்கிறதா, அல்லது வெறும் பகட்டா?

எஸ்.,
களியக்காவிளை

அன்புள்ள எஸ்.,

நண்பன் உங்களைவிட மெதுவாக அழுத்துகிறான் என்று நீங்களே கவனித்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த எழுத்து. டி, சி, பி, ஏ, எஸ், எஸ்எஸ், எஸ்எஸ்எஸ் என்று ஏழு படிகள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்த அடிக்கான மதிப்பு குறைந்துகொண்டே போகும். வேறோர் அடி போட்டால் ஏறும். சும்மா நின்றால் வடியும், அடி வாங்கினால் சரியும். முக்கோணத்தை மட்டும் தட்டும்போது உங்களுக்கு வருவது ஒரே வெட்டுத்தொடர், மறுபடி அதே தொடர். பேய் சாகும், படி ஏறாது. பேயைக் கொன்றீர்களா என்பதோடு இந்த விளையாட்டு நிற்பதில்லை, எத்தனை விதமாக, அடி வாங்காமல் கொன்றீர்கள் என்று பார்க்கிறது. பாட்டையும் அந்தப் படியோடு கட்டியிருக்கிறார்கள். எஸ் வந்தால்தான் பல்லவி வெடிக்கும். உங்கள் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விளங்கிக்கொள்வது எளிது. 2001-இல் ஹிடேகி காமியா இயக்கி கேப்காம் வெளியிட்ட முதல் பாகம், ரெசிடென்ட் ஈவில் என்ற இன்னொரு விளையாட்டு வரிசையின் நான்காம் பாகமாகத் தொடங்கித் திசைமாறிய ஒன்று. அதே நிறுவனத்தின் ‘ஒனிமுஷா’ தயாரிப்பில் இருந்தபோது, எதிரியை வெட்டி வெட்டி அந்தரத்திலேயே வைத்திருக்க முடிகிற ஒரு பிழை இருந்தது. அங்கே அது களைய வேண்டிய கோளாறு. காமியா அதையே தன் விளையாட்டின் மையமாக்கினார். 2005-இல் வந்த மூன்றாம் பாகத்தில் சண்டைப் பாணிகள் சேர்ந்தன, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுத்துச் செல்லலாம். 2008-இல் நான்காம் பாகம் சண்டைக்கு நடுவிலேயே பாணியை மாற்ற விட்டது. நீரோ வந்ததும் அதில்தான். நீங்கள் ஆடுவது 2019 மார்ச் 8-இல் ஹிடேயாகி இட்சுனோ இயக்கத்தில் வெளியானது. உங்கள் மாமா குறைசொன்ன அந்த அந்தரத்துச் சாட்டம்தான் இந்த வரிசைக்கே விதை.

இனி கைக்கு வருவோம். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் சிங்காரி மேளம் கேட்டிருப்பீர்கள். கோல் விழுகிற இடத்தைப்போலவே விழாமல் விடுகிற இடமும் அங்கே கணக்கில் உண்டு. நீரோவின் வாளான ரெட் குவீனும் அப்படித்தான். இரண்டு வெட்டு வெட்டி, ஒரு கணம் கையை எடுத்துவிட்டு, மறுபடி முக்கோணத்தைத் தட்டிப் பாருங்கள். பழைய தொடர் வராது, வேறொரு தொடர் பிறக்கும். ஒரு வெட்டுக்குப் பிறகு நிறுத்தினால் இன்னொன்று. சில தொடர்களை, விளையாட்டுக்குள் காசாகச் செல்லும் சிவப்பு உருண்டைகள் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், ஆனால் முறை இதுதான். இங்கே தவறுவது இரண்டு விதம். நிறுத்தம் குறைந்தால் பழைய தொடரே ஓடும். கூடினால் தொடர் அறுந்து முதல் வெட்டிலிருந்து தொடங்கும். இடைவெளியைக் கண்ணால் அளக்காதீர்கள். வாள் வீச்சு அடங்கித் தோள் தளர்கிற நேரத்தை உடம்பு பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆர்1. அதை அழுத்திப் பிடித்தால் ஓர் எதிரியின்மேல் பார்வை பூட்டிக்கொள்ளும். பூட்டியபடி முன்னால் தள்ளி முக்கோணத்தை அழுத்தினால் ஸ்ட்ரீக், தூரத்திலிருந்து பாய்ந்து வெட்டுவது. பின்னால் இழுத்து முக்கோணத்தை அழுத்தினால் ஹை ரோலர், எதிரியை மேலே தூக்கி எறிவது. புதிதாக வருகிற எல்லாரும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. முன், பின் என்பது திரையின் மேல், கீழ் அல்ல. நீரோ எதிரியைப் பார்க்கிற திசைதான் முன். எதிரி திரையின் இடப்பக்கம் நின்றால் இடப்பக்கம் தள்ளுவதுதான் முன், வலப்பக்கம் இழுப்பது பின். கேமரா சுழன்றால் இதுவும் சுழலும். ஹை ரோலருக்குப் பதிலாக ஸ்ட்ரீக் வந்து தொலைக்கிறது என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இது ஒன்றுதான், விளையாட்டின் பிழையல்ல.

இந்த ஓர் இடத்தில் மாமாவின் வித்தை உங்களுக்குக் கைகொடுக்கும். அடிமுறையில் சுவடு பழகும்போது, கால் போகிற திசைதான் கை என்ன செய்யும் என்பதை முடிவுசெய்கிறது. முன்சுவடு வைத்தால் ஒரு கை, பின்சுவடு வைத்தால் வேறு கை. இங்கேயும் ஒரே பொத்தான், இடது கட்டைவிரல் போகிற திசைக்கேற்ப வேறு வேறு அடி. பொத்தான்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, எதிரியை நோக்கி ஓர் அடி, எதிரியிடமிருந்து ஓர் அடி என்று பழகுங்கள், சீக்கிரம் படியும்.

ஹை ரோலர் போடும்போது முக்கோணத்தை அழுத்திப் பிடித்தால் நீரோவும் எதிரியோடு மேலே போவான். அங்கே இரண்டு மூன்று வெட்டு விழும், பிறகு இருவரும் கீழே இறங்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் எதிரியின் உடம்பை ஒட்டி நின்று எக்ஸ் பொத்தானைத் தட்டினால் நீரோ எதிரியையே படிக்கட்டாக மிதித்து எழும்புவான். எனிமி ஸ்டெப் என்பது இதுதான். ஓடிக்கொண்டிருந்த வெட்டை அது பாதியில் அறுத்துவிடும். அறுந்த இடத்திலிருந்து மறுபடி முதல் வெட்டைப் போடலாம். மிதிக்கிற கணத்தில் உங்கள்மேல் அடியும் படாது. கைதேர்ந்தவர்கள் ஐந்தாறு நிமிடம் ஒரே எதிரியை மண்ணில் படாமல் வைத்திருப்பது இந்த ஒரு மிதியை நம்பித்தான். எதிரியைவிட்டுச் சற்று விலகி எக்ஸ் அழுத்தினால் மிதி கிடைக்காது, வெறுமனே கீழே வருவீர்கள். தூரம்தான் இங்கே எல்லாம். எட்டி நிற்கும் பேயை ஆர்1-உம் வட்டமும் சேர்த்து அழுத்தி ஒயர் ஸ்னாட்ச்சால் இழுத்துக்கொள்ளலாம். சிறியது உங்களிடம் வரும். பெரியதாக இருந்தால் நீங்கள் அதனிடம் போவீர்கள். கவசம் பூண்ட பெரிய வகைகள் எளிதில் மேலே எழும்பாது. முதலில் தரையில் அடித்து நிலைகுலைய வைக்க வேண்டும்.

எல்2-க்கு வருகிறேன். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்த பகுதி அது. ரெட் குவீனின் கைப்பிடி ஒரு மோட்டார் சைக்கிளின் முறுக்கி போல அமைக்கப்பட்டது. எல்2-ஐத் தட்டித் தட்டி முறுக்கினால் எரிபொருள் அளவு மூன்று கட்டம்வரை ஏறும். அடுத்த வெட்டுகள் தீயோடு விழும், வெட்டுக்கு ஒரு கட்டம் செலவாகும். இதற்கு எக்ஸீட் என்று பெயர். சண்டைக்கு நடுவே நின்று முறுக்கிக்கொண்டிருக்க எவன் விடுவான்? அதற்கு வழி இருக்கிறது. வெட்டு விழுகிற அதே நேரத்தை ஒட்டி எல்2-ஐ ஒரே ஒரு முறை தட்டினால் ஒரு கட்டம் அப்படியே நிரம்பும். இது எக்ஸ்-ஆக்ட். இன்னும் துல்லியமாகத் தட்டினால் மூன்றும் ஒரேயடியாக நிரம்புவது மேக்ஸ்-ஆக்ட். மேட்டில் வண்டியேற்றும்போது கியரை மாற்றி ஆக்சிலேட்டரைச் சரியான நேரத்தில் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும் முறை சொல்கிறேன். முழுத் தொடரிலும் முயலவே வேண்டாம். முதல் வெட்டு மட்டும். முக்கோணம், எல்2, நிறுத்து. மறுபடி. பத்துக்கு ஆறு விழும்வரை இதையே செய்யுங்கள். பிறகு இரண்டாம் வெட்டைச் சேருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் கணம் வேறு என்பதால் ஒரே தாளத்தில் எல்2-ஐத் தட்டினால் முதலாவது விழுந்து மூன்றாவது தப்பும். முக்கோணத்தோடு சேர்த்தே எல்2-ஐ அழுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. அது முந்திப்போகிறது, வாள் இன்னும் எதிரியைத் தொட்டிருக்காது. இதற்கெல்லாம் வாய்ட் என்ற பயிற்சிக்களம் உள்ளேயே இருக்கிறது. எதிரியைத் தேர்ந்தெடுத்து நிறுத்திப் பழகலாம். அதற்கு முன்னால் ஆட்டோ அசிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது அடியை உங்களுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கும், விரல் எதையும் கற்காது.

கை உடைவதைப் பற்றி. டெவில் பிரேக்கர் எனப்படும் அந்தக் கைகள் உடைவதற்காகவே செய்யப்பட்டவை. நீங்கள் கையைப் பயன்படுத்துகிற அந்த நேரத்தில் அடி வாங்கினால் உடையும். வட்டத்தை அழுத்திப் பிடித்துப் பெரிய தாக்குதலாக வெளியிட்டாலும் உடையும், ஆனால் அது நீங்கள் விரும்பிச் செய்யும் செலவு. எதிரி பிடித்துக்கொண்டால் எல்1-ஐ அழுத்திக் கையை வெடிக்கவைத்துத் தப்பலாம், அதுவும் உங்கள் விருப்பம்தான். உங்களுக்கு நடப்பது முதலாவது வகை. எதிரி அடிக்கக் கை ஓங்கியபின் வட்டத்தை அழுத்துகிறீர்கள். எதிரி அடித்து முடித்துத் திரும்பும் நேரத்தில், அல்லது அந்தரத்தில் அது கதியற்றுக் கிடக்கும்போது அழுத்துங்கள். மின்சாரம் பாய்ச்சும் ஓவர்ச்சரை அப்படிப் பயன்படுத்தினால் ஒரு மிஷன் முழுக்கத் தாங்கும். கைகளை நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது, முன்னால் இருப்பது போனால்தான் அடுத்தது வரும். எனவே வண்டியில், இந்தக் கைகளைச் செய்துதரும் நிக்கோவிடம் வாங்கி அடுக்கும்போதே வரிசையை யோசித்துவிடுங்கள். அந்தரத்தில் சட்டென்று விலக உதவும் கெர்பெராவை முன்னால் வைப்பது புதியவருக்கு நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எக்ஸ்-ஆக்டுக்கு இது உயிர்நாடி. விளையாட்டு நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) ஓடினால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் இதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். நீங்கள் சரியாக அழுத்தியும் திரை பிந்தும். டிவியின் அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள், படத்தை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். இதைச் செய்தபின் பலருக்கு ஒரே நாளில் கை திருந்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. குறுகிய தெருக்களில் கேமரா சுவரில் முட்டி எதிரியை மறைக்கிறது. அப்போது நான் மேலே சொன்ன முன், பின் குழப்பம் இரட்டிப்பாகும். பேய்மரத்தின் வேருக்குள் நடக்கும் மிஷன்கள் ஒன்றுபோல் தெரிகின்றன. நான்காவது மிஷனில் நீங்கள் ஆடும் ‘வி’ என்ற பாத்திரம் தானே வெட்டமாட்டான். சிறுத்தை வடிவ ஷேடோவும் பறவை கிரிஃபனும் அடித்து ஓய்ந்த பேயைக் கைத்தடியால் குத்தி முடிப்பான். தூர நின்று ஏவுவதால் நீரோவிடம் கிடைக்கும் அந்த அடியின் கனம் அவனிடம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். மூன்றாவது பாத்திரமான டான்டே வரும்போது அவனுடைய நான்கு சண்டைப் பாணிகளும் திசைப்பொத்தானின் நான்கு பக்கம் உட்கார்ந்திருக்கும். முதல் நாளே நான்கையும் தொடாதீர்கள். மேல்பக்கத்து டிரிக்ஸ்டர், வலப்பக்கத்து சோர்ட்மாஸ்டர் இரண்டும் போதும்.

மாமா சொன்னது சண்டையைப் பற்றி முழுக்கச் சரி. வர்மம் அறிந்த கை ஒரே அடியில் முடிக்கத்தான் பார்க்கும், அந்தரத்தில் சாடி நிற்காது. இந்த விளையாட்டு சண்டையைக் காட்டவில்லை. திருவிழாவில் சிலம்பம் சுற்றுகிறவர் எதிராளியை வீழ்த்த அவசரப்படமாட்டார், எத்தனை வீச்சு தன் கையில் இருக்கிறது என்று சபைக்குக் காட்டுவார். அதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது இது. ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்து எதையும் பார்க்கச் சொல்லாமல், நீரோவின் இரண்டு வெட்டுக்கு நடுவிலுள்ள அந்த நிறுத்தத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே முந்துகிறீர்கள், எங்கே பிந்துகிறீர்கள் என்று என்னைவிட நன்றாக அவரே சொல்வார்.

அன்புடன்