எல்.எல்.எம். வெளிநாட்டில்: சேலத்திலிருந்து வந்த கேள்விகள்

அஸ்தம்பட்டி கோர்ட்டில் என்னைப் பார்க்கும் ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது, ‘எந்த யுனிவர்சிட்டி நல்லதுக்கா?’ நான் திருப்பிக் கேட்பது, ‘படித்துவிட்டு எந்த ஊரில் கவுன் மாட்டப் போகிறாய்?’ அதற்குப் பதில் தெரியாமல் ரேங்க் பட்டியலைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. லண்டனில் ஒரு வருடம் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை படித்துத் திரும்பியவள் என்ற முறையில், இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். (பேச்சலர் ஆஃப் சிவில் லா) கிடைத்தால் போகலாமா? ‘பேச்சலர்’ என்று இருக்கிறதே என்று வீட்டில் யோசிக்கிறார்கள். – கன்னங்குறிச்சி மாணவி

பெயர்தான் பேச்சலர், படிப்பு முதுகலை. நம்மைப் போல பொதுச்சட்ட (முந்தைய தீர்ப்புகளையும் சட்டமாக எடுக்கும்) நாடுகளில் படித்தவர்களுக்கு அங்கே பி.சி.எல்., சட்டத் தொகுப்பையே முதன்மையாகக் கொள்ளும் ஐரோப்பிய சிவில் சட்ட முறையில் படித்தவர்களுக்கு அதே தரத்தில் எம்.ஜூர். என்ற பட்டம். கிடைத்தால் யோசிக்காமல் போ மா. கல்யாணப் பத்திரிகையில் போடும்போது பெரியம்மா ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

இங்கிலாந்திலோ நியூயார்க்கிலோ பிராக்டிஸ் செய்ய ஆசை. எது சுலபம்? – அம்மாப்பேட்டை

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வக்கீல்) ஆக எல்.எல்.எம். தேவையே இல்லை. 2021-லிருந்து எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு நடக்கிறது. இங்கே என்ரோல் ஆன வக்கீல் அதை நேரடியாக எழுதலாம். நியூயார்க் கதை வேறு. நம் பட்டத்தில் குறை இருப்பதாக அங்குள்ள தேர்வு வாரியம் சொன்னால், அமெரிக்காவில் 24 கிரெடிட் எல்.எல்.எம். படித்து அதை ஈடுகட்ட வேண்டும். ஆகவே முதலில் வாரியத்தின் மதிப்பீட்டை வாங்குங்கள், காலேஜை அப்புறம் பார்க்கலாம். படிப்பு முடிந்து அமெரிக்காவில் வேலை பார்க்கக் கிடைப்பது 12 மாதம்; சட்டப் படிப்புக்கு அதை நீட்டிக்க வழியில்லை.

ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? – நாகலூர், ஒரு மாணவனின் அப்பா

ஐயா, பொதுவாக 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். லண்டன் ஃபீஸுக்கு அது எந்த மூலைக்கு? அதற்கு மேல் கேட்டால் ஈடு கேட்பார்கள். ஆனால் வராக்கடனுக்கு ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு கொடுக்கிறது. கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமல் வங்கியால் அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் தோட்டப் பத்திரம் என்றாலே மேனேஜர்கள் நெளிவார்கள். டவுனில் வீடோ வீட்டு மனையோ இருந்தால் அந்தப் பத்திரத்தோடு போங்கள்.

கையிருப்பைக் காட்டி விசா எடுப்பதாக இருந்தால் இன்னொன்று. பிரிட்டிஷ் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. என் கதையில், லீ பஜாரில் மஞ்சள் வாங்க அப்பா 26-ஆம் நாள் நாற்பதாயிரம் எடுத்துவிட்டார். பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். விமான டிக்கெட் காசும் போனது. வங்கியின் கல்விக் கடன் கடிதம் இருந்தால் இந்த 28 நாள் தொல்லை இல்லை.

திரும்பி வந்து லா காலேஜில் பாடம் நடத்த வேண்டும். – ஆத்தூர்

அப்படியென்றால் வெளிநாடு இரண்டாம்பட்சம் தம்பி. இந்தியாவும் பிரிட்டனும் 2022-ல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க ஒப்பந்தம் போட்டபோது சட்டப் பட்டத்தை வெளியே வைத்துவிட்டன. அங்கே ஒரு வருடத்தில் முடித்த எல்.எல்.எம்.-ஐ இங்குள்ள எல்.எல்.எம்.-க்குச் சமமாக எடுக்க பார் கவுன்சிலும் தயங்குகிறது. இங்கே எல்.எல்.எம்., நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு) இரண்டையும் முடித்துவிட்டு, பிறகு ஆசைக்குப் போய் வா.

சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தச் சட்டத்தில் ஆர்வம். எங்கே படிக்கலாம்? – செவ்வாய்ப்பேட்டை

அறிவுசார் சொத்துரிமைக்கு லண்டன் குயின் மேரியையும் மியூனிக்கில் உள்ள எம்.ஐ.பி.எல்.சி. என்ற அறிவுசார் சொத்துச் சட்ட மையத்தையும் பாருங்கள். மியூனிக்கிலும் பாடம் ஆங்கிலத்தில்தான்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கான மார்க் விவரத்தை (டிரான்ஸ்கிரிப்ட்) எப்போது வாங்குவது? – ஓமலூர்

இன்றே. சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில்தான் வாங்க வேண்டும், உங்கள் காலேஜில் அல்ல. சீல் வைத்துக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கவரைப் பிரித்துவிடாதீர்கள்.