ஆயாவுக்கு ஆண்டுதோறும் ஊசி எதற்கு?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் வாசகர்): அக்கா, எங்கள் ஆயாவுக்கு வயது 74. போன ஆண்டு ஃப்ளூ ஊசி போட்டார். இந்த ஆண்டும் போடச் சொல்கிறார்கள். தட்டம்மை ஊசி சிறு வயதோடு முடிந்துவிடுகிறதே, இது மட்டும் ஏன் ஆண்டுதோறும்? மருந்தில் குறையா?

பதில்: மருந்தில் குறையில்லை, தம்பி. வைரஸ்தான் மாறுகிறது. ஃப்ளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துவதில்லை. பல பிழைகள் அதற்கே கேடாக முடியும். ஆனால் அதன் மேற்புறப் புரதத்தில் விழும் சில பிழைகளால், போன ஆண்டு ஊசியில் நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்களின் பிடியிலிருந்து அது நழுவிவிடும். தட்டம்மை வைரஸிலும் பிழைகள் விழத்தான் செய்கின்றன. ஆனால் அது நம் செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்தின் முக்கிய இடங்கள் மாறினால் நுழையவே முடியாது. அதனால்தான் 1954-இல் அமெரிக்கப் பள்ளிச் சிறுவன் ஒருவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசிகள் இன்றும் குழந்தைகளைக் காக்கின்றன.

எங்கள் மருந்துக்கடைக்கு ஃப்ளூ ஊசி வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அதில் எந்தெந்த வைரஸ் என்று அச்சிட்டிருக்கும் வரிகளைத்தான். ஒவ்வொன்றிலும் அது கிடைத்த ஊரும் ஆண்டும் இருக்கும். 2024-ஆம் ஆண்டு ஊசியில் தாய்லாந்தில் எடுத்த ஒன்று இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஊசியில் அதன் இடத்துக்குக் குரோஷியாவில் 2023-இல் கிடைத்தது வந்துவிட்டது. ஆண்டின் நடுவில் வரும் நம் குளிர்காலத்துக்கு எது வேண்டும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் முந்தைய செப்டம்பரிலேயே சொல்லிவிடும். பெரும்பாலான ஊசிகளுக்கு வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். அதற்குள் வைரஸ் மேலும் மாறினால் பலன் குறையும்தான். அப்போதும், நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் நிலைமை பலருக்கு வராமல் அது தடுக்கிறது. ஊசியின் பலம் சில மாதங்களில் தேய்வதும் உண்மை. ஆகவே குளிர் தொடங்கும் முன்பே ஆயாவை அழைத்துப் போங்கள். உடல் தயாராக இரண்டு வாரம் வேண்டும்.

கேள்வி (டர்பன், ஃபீனிக்ஸ் வாசகி): கொரோனா வைரஸின் ஒமிக்ரான் திரிபைத் தென்னாப்பிரிக்காவில் நாம் அறிவித்ததும் நம் விமானங்களைத் தடுத்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாமே?

பதில்: கூடாது, அம்மா. 2021 நவம்பர் 25-இல் நம் விஞ்ஞானிகள் உண்மையைச் சொன்னார்கள். உடனே பல நாடுகள் கதவை அடைத்தது அநியாயம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் வைரஸின் மரபெழுத்துகளைப் படித்துப் பார்த்ததால் முதலில் பயன்பெற்றதும் நாம்தான். 2020 டிசம்பரில் இங்கே அறிவித்த பீட்டா திரிபை நினைத்துப் பாருங்கள். வாங்கி வைத்திருந்த அஸ்ட்ராசெனகா ஊசி, பீட்டாவால் வரும் லேசான, நடுத்தர நோயைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்று இங்கு நடந்த ஆய்வு காட்டியது. 2021 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்து, வேறு ஊசியைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கினோம். 2022-இல் பிஏ.4, பிஏ.5 என்ற ஒமிக்ரான் பிரிவுகளும் முதலில் இங்கேதான் தெரியவந்தன. அவற்றுக்கேற்ற எம்ஆர்என்ஏ ஊசிக்கு (வைரஸ் புரதத்தைச் செய்யும் மரபெழுத்துக் குறிப்பை உடலுக்குத் தரும் ஊசி) அமெரிக்காவில் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அனுமதி கிடைத்தது. அந்த வகை ஊசிக்கு முட்டை வேண்டாம், எழுத்துகளை மாற்றி எழுதினால் போதும். எந்த எழுத்து மாறியது என்று யாராவது சொல்லியாக வேண்டுமே!

இன்றும் குளிர்காலத்தில் சில டாக்டர்கள் நோயாளியின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். செப்டம்பரில் ஃப்ளூ ஊசியை முடிவுசெய்ய உலகெங்கிலுமிருந்து சேரும் தகவல்களில் அதுவும் ஒன்று.