வியர்க்கும் ஊரில் கரப்பான்: வாசகர் கேள்விகளும் தோல் மருத்துவரின் பதில்களும்

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கரப்பானைப் பற்றியவை. வழக்கில் கரப்பான் என்றும் மருத்துவமனைச் சீட்டில் எக்ஸிமா என்றும் எழுதப்படும் இந்தத் தோல் அழற்சி, கடலோர ஊர்களின் புழுக்கத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையொட்டிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் இருக்கிறது. மார்கழிப் பனியில் தோல் வறண்டு அதிகமாகும், வெயில் வந்தால் குறைந்துவிடும் என்றார்கள். ஆனால் சித்திரையில்தான் இரவெல்லாம் சொறிகிறான். காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும் ஊரில் தோல் எப்படி வறளும்? அவனை வியர்க்க விடாமல் வைத்திருக்க வேண்டுமா? (ஒரு தாய், கடலூர்)

காற்றில் ஈரம் இருப்பது வேறு, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பது வேறு. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக எண்ணிக்கொண்டால், செல்கள் செங்கற்கள்; அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு, சாந்து. அந்தச் செங்கற்களை இறுக்கிக் கட்டுவதும், பின்னர் சிதைந்து தோலுக்குள் நீரைப் பிடித்துவைக்கும் பொருட்களாக மாறுவதும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் வேலை. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறை, கரப்பான் வருவதற்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது என்பது 2006-இல் உறுதியானது. கரப்பான் உள்ள எல்லோருக்கும் அந்த மரபணுக் குறை இருப்பதில்லை. ஆனால் ஏதோ ஒரு வகையில் அவர்களுடைய சுவர் ஓட்டையாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் உப்பும் சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன.

இப்போது வியர்வைக்கு வருவோம். உலர்ந்த காற்றுள்ள ஊரில் வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். கடலூரிலோ சென்னையிலோ காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், அது ஆவியாகாமல் மடிப்புகளில் தேங்கி, உரசலோடு சேர்ந்து ஊறவைக்கிறது; மெதுவாகக் காயும்போது உப்பை மட்டும் அங்கேயே விட்டுச் செல்கிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. எல்லோருடைய தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை வெளியிட்டு வியர்வையில் கலக்கும் ஒரு புரதத்துக்குக் கரப்பான் நோயாளிகள் பலரின் உடல் ஒவ்வாமை காட்டுகிறது என்பதை ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். ஆகவே, ‘வியர்த்தால் அரிக்கிறது’ என்று குழந்தை சொல்வது சாக்குப்போக்கு அல்ல.

அதற்காக அவனை ஓடவிடாமல் உட்காரவைக்க வேண்டாம். வியர்வை வருவதில் தவறில்லை, அது தோலிலேயே கிடப்பதுதான் பிரச்சினை. விளையாடிவிட்டு வந்தவுடன் உலர்ந்த துண்டால் துடைத்தால் நீர் போய் உப்பு தங்கிவிடும் என்பதால், நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் கழுத்தையும் மடிப்புகளையும் ஒற்றி எடுங்கள். முடிந்தால் சோப்பில்லாமல் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்த பனியனை மாற்றுங்கள். சோப்பு போட்ட குளியல் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். அதுவும் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள், சூடில்லாத நீரில், சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். பிறகு ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரைத் தடவிவிட வேண்டும்.

பவுடரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெயில் காலத்தில் என்னிடம் வரும் குழந்தைகளில் பாதிப் பேரின் முழங்கை மடிப்பை விரித்தால் முதலில் தெரிவது கரப்பான் அல்ல, வியர்வையில் குழைந்து கோலமாவு போலத் திரண்டு வெடித்த வெள்ளைக் கோடுகள்தான். அந்தக் கோடுகள் ஒவ்வொரு அசைவிலும் தோலை அராவுகின்றன. பவுடரை நிறுத்துங்கள்.

இரவு அரிப்புக்கு, அறை குளிர்ச்சியாக இருப்பதே முதல் மருந்து. மின்விசிறி நேரடியாகப் படும்படி படுக்கவையுங்கள். ஏசி இருந்தால் தாராளமாகப் போடலாம். அது காற்றை உலர்த்தும் என்பதால் படுக்கும் முன் ஒரு முறை கூடுதலாக மாய்ஸ்சரைசர் தடவினால் போதும். நகங்களை வாரம் இருமுறை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: பேத்தியின் கழுத்திலும் முதுகிலும் சிறு சிறு பொரியாக இருக்கிறது. இது வேர்க்குருவா, கரப்பானா? (ஒரு பாட்டி, நாகப்பட்டினம்)

வேர்க்குரு என்றால் ஊசிமுனை அளவுப் பொரிகள் கொத்துக் கொத்தாகத் திடீரென்று தோன்றி, சுருக்குச் சுருக்கென்று குத்தி, குளிர்ந்த இடத்தில் சில நாள் இருந்தால் தானே அடங்கிவிடும். கரப்பான் மாதக்கணக்கில் வந்து போகும், ஒரே இடங்களுக்குத் திரும்பி வரும், சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிடும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் சாம்பலாகவோ கருநீலமாகவோ தெரியும் என்பதால், நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் கைக்குத் தெரியும். ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

கேள்வி: தேங்காயெண்ணெய், நலங்கு மாவு, வேப்பிலை அரைத்த விழுது ஆகியவை போதாதா? எதற்கு விலை கொடுத்து மாய்ஸ்சரைசர் வாங்க வேண்டும்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. தேங்காயெண்ணெய்க்கு நல்ல சான்று இருக்கிறது: பிலிப்பைன்ஸில் 52 பெரியவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், சுத்தமான தேங்காயெண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிடக் கரப்பானில் குடியேறும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை நன்றாகக் குறைத்தது. விலை அதிகம் கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயோ தோலின் சுவரைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் அதைக் குழந்தைக்குத் தேய்க்க வேண்டாம். லேசான வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் போதும். ஆனால் மே மாதப் பகலில் உடல் முழுக்கக் கெட்டியாக எண்ணெய் பூசினால் வெக்கை அடங்காமல் வேர்க்குருவும் முடிக்கால் கொப்புளமும் கிளம்பும்.

நலங்கு மாவும் பயத்தம் மாவும் நல்ல தோலுக்கு நல்லவை. வெடித்த தோலில் தேய்த்தால் அவை உப்புக் காகிதம்தான். வேப்பிலை விழுதையும் மஞ்சளையும் புண்ணான இடத்தில் போட்டு, அதனாலேயே புதிய ஒவ்வாமை கிளம்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேண்டாம் என்றே சொல்வேன்.

மாய்ஸ்சரைசரில் விலையைவிட வகையும் அளவும் முக்கியம். பகலில் லோஷன் அல்லது இலகுவான கிரீம், இரவில் குளித்த பிறகு சற்றுக் கெட்டியானது என்று பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். உடல் முழுக்கத் தடவ ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 250 கிராம் தேவைப்படும். நம் வீடுகளில் 50 கிராம் டியூப் ஒன்று இரண்டு மாதம் வருகிறது. பிறகு ‘மாய்ஸ்சரைசர் வேலை செய்யவில்லை’ என்கிறோம். பெரிய டப்பாவாக, விலை குறைந்ததாக வாங்கித் தாராளமாகத் தடவுவதே மேல்.

கேள்வி: எனக்கு முப்பத்திரண்டு வயது. தொடையிடுக்கில் அரிப்பு. மருந்துக் கடையில் கொடுத்த கிரீமைப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாகிறது. ஒரு வருடமாக இப்படியே போகிறது. இது கரப்பானா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கரப்பானைவிடப் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நேரில் பார்த்து, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் கிரீம்கள் பலவற்றில் வலுவான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும். அதே வேளையில் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து இருக்க வேண்டிய படர்தாமரை உருவம் குலைந்து கரப்பான் போலவே தோன்றும். இந்தியா முழுவதும் இன்று படர்தாமரை எளிதில் ஆறாத நோயாக மாறியிருப்பதில் இந்தக் கலப்புக் கிரீம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய அட்டவணைக்குள் மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்தது. கடைகளில் நடப்பது என்ன என்பது உங்களுக்கே தெரியும். புழுக்கத்தில் ஊறும் தொடையிடுக்கில் களிம்பு வேகமாக உள்ளிறங்குவதால், அங்கே தோல் மெலிந்து நிரந்தர வரிகள் விழும் ஆபத்தும் உண்டு. அந்த டியூபைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இதைப் படிக்கும் பெற்றோர், ‘அப்படியானால் ஸ்டீராய்டே வேண்டாம்’ என்று முடிவு செய்துவிடக் கூடாது. சரியாகக் கண்டறியப்பட்ட கரப்பானுக்கு, இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ற வலுவில் எழுதிக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு களிம்பே இன்றும் முதன்மை மருந்து. ஒரு தந்தை ஆறு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்த சிறிய டியூபைப் பாதிக்கு மேல் மிச்சமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். எவ்வளவு போடுகிறீர்கள் என்றதற்கு, விரல்நுனியில் ஒரு கடுகளவு எடுத்துக் காட்டினார். அதில் நோய் அடங்காது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை பிதுக்கிய களிம்பு அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். சொன்ன நாள்வரை போட்டு, அடங்கியதும் நிறுத்த வேண்டும். அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கு, அடங்கிய பிறகும் வாரம் இருமுறை அதே இடத்தில் போடச் சொல்வதுண்டு. முகம், கழுத்து, மடிப்பு ஆகிய இடங்களுக்கு டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பும் இருக்கிறது; இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அதில் 0.03 சதவீத வலுவுள்ளதைத் தருகிறோம்.

கேள்வி: கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று மாமியார் நிறுத்திவிட்டார். குழந்தை மெலிகிறாள். சரியா? (ஒரு வாசகி, காரைக்கால்)

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்தியம் தேவையில்லை. ஓர் உணவைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால், அல்லது கைக்குழந்தையின் கடுமையான கரப்பான் சரியான சிகிச்சைக்கும் அடங்காவிட்டால் மட்டுமே உணவு ஒவ்வாமையைத் தேடுவோம். இரத்தப் பரிசோதனையில் பத்து உணவுகளுக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும், சாப்பிட்டுத் தொல்லை வராதவரை அது ஒவ்வாமை ஆகாது. உங்கள் மாமியாரின் அக்கறையை மதித்தே சொல்லுங்கள்: முட்டையை நிறுத்தியதால் வரும் சத்துக்குறைவு கண்ணெதிரே தெரிகிறது, நன்மை தெரியவில்லை.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். மென்னீராக்கும் கருவி வாங்கலாமா? (ஒரு வாசகர், சென்னை)

கடின நீருள்ள பகுதிகளில் கரப்பான் சற்று அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் 336 குழந்தைகளின் வீடுகளில் இந்தக் கருவியைச் சோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், நோயின் கடுமை கூடுதலாகக் குறையவில்லை. அந்தப் பணத்தில் ஒரு வருடத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

கேள்வி: ஒட்டுவாரொட்டி என்று சொல்லி மகளைப் பள்ளியில் தனியாக உட்காரவைக்கிறார்கள். (ஒரு தந்தை, புதுச்சேரி)

கரப்பான் தொட்டால் ஒட்டாது. ஒட்டுவது சிரங்கு, அதில் இரவில் அரிப்பு கூடும், விரலிடுக்கில் பொரிகள் இருக்கும், வீட்டில் மற்றவர்களும் சொறிவார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், ‘இது தொற்றுநோய் அல்ல’ என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். அதே தாளில், மகளை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைக்க வேண்டும், விளையாட்டு வகுப்பு முடிந்ததும் கைகால் கழுவ ஐந்து நிமிடம் தர வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். புண்ணில் சீழோ தேன் நிறப் பொருக்கோ கண்டால் சில நாள் வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்யலாம். நடுவில் குழி விழுந்த ஒரே மாதிரியான கொப்புளங்கள் காய்ச்சலோடு வேகமாகப் பரவினால், அது ஹெர்பீஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.