அம்மாவுக்கு ஆபரேஷன்: கடையில் லீவு கேட்பது எப்படி?

கேள்வி: திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக பில்லிங்கில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பதினான்கு நாள் லீவு வேண்டும். "வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, மற்றதெல்லாம் சம்பளம் கட்" என்கிறார் மேலாளர். உனக்கே உடம்பு சரியில்லை என்று சர்டிபிகேட் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) கொடுத்துவிடு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த சர்டிபிகேட் யோசனையைக் கைவிடுங்கள். ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகை, உறுப்பினருக்கே உடம்பு முடியாமல் போனால்தான் கிடைக்கும். பொய் சொல்லி அதை வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். அதைவிட முக்கியம், உங்களுக்குப் பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

தமிழ்நாட்டில் கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் திருத்தினார்களே, அதே சட்டம்தான். அதன் 25-ஆம் பிரிவில் சம்பளத்தோடு மூன்று வகை லீவு இருக்கிறது. வார விடுமுறை இந்தக் கணக்கில் வராது.

உங்களுக்கு இப்போது பயன்படப்போவது ஈட்டிய விடுப்பு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 12 நாள் உண்டு. எடுக்காமல் விட்டால் 24 நாள் வரை சேரும். மூன்று வருடமாக அதைத் தொடாமல் இருந்திருந்தால், உங்கள் பதினான்கு நாளுக்கு அதுவே தாராளம். போதாவிட்டால் தற்செயல் விடுப்பு இருக்கிறது. நியாயமான எந்தக் காரணத்துக்கும் வருடத்துக்கு 12 நாள் வரை எடுக்கலாம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே. மூன்றாவது, உங்களுக்கே நோயோ விபத்தோ நேர்ந்தால் எடுக்கும் மருத்துவ விடுப்பு. அதுவும் 12 நாள். அம்மாவின் ஆபரேஷனுக்கு இதைத் தொடாதீர்கள், ஆபத்துக்கு உதவும்.

இது தவிர ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களும் ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தரவேண்டும். ஜவுளிக்கடையில் இப்படி வேலை செய்த பண்டிகை நாள் ஏதாவது பாக்கி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சரி, கேட்பது எப்படி? கல்லா அருகே நின்றபடி வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே மறுப்பார்கள். எழுதிக் கொடுங்கள். அரைப் பக்கம் போதும்: "என் தாயாருக்கு இன்ன தேதியில் அறுவை சிகிச்சை நடக்க உள்ளதால், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பதினான்கு நாள் ஈட்டிய விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்." கடைசி வரி சட்டத்துக்காக இல்லை, மேலாளருக்காக. அவருடைய உண்மையான கவலை சட்டத்தைப் பற்றி இருக்காது, பில்லிங் கவுண்டரில் யார் உட்காருவார் என்பதுதான். எந்த வகை லீவு என்பதை நீங்களே குறிப்பிடுங்கள். சும்மா "லீவு வேண்டும்" என்று எழுதினால் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுவிட இடம் கொடுத்ததாகும். டாக்டர் தேதி எழுதிக் கொடுத்த சீட்டின் நகலையும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் ஒரு பிரதி போகட்டும்.

எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈட்டிய விடுப்பைக் கேட்டு, மறுக்கப்பட்ட பிறகு நீங்கள் வேலையை விட்டால், அந்த நாள்களுக்கான சம்பளத்தை முதலாளி தந்தாக வேண்டும். கேட்டதற்கு அத்தாட்சி இல்லையென்றால் இதை எப்படி நிரூபிப்பீர்கள்?

பதில் வருவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். லீவு உங்கள் உரிமைதான், ஆனால் தேதியைப் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். அனுமதியின்றி வராமல் இருந்தால், அதையே ஒழுங்கீனம் என்று காட்டுவார்கள். தீபாவளி, ஆடித் தள்ளுபடி நேரத்தில் தேதி விழுந்தால், தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். அவர் முடியாது என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். எல்லாம் செய்தும் மறுத்தால், உங்கள் பகுதியின் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். அநேகமாக அங்கே போகப்போவதாகச் சொன்னாலே பேச்சு மாறும்.



அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பணம் பிடிக்கிறார்கள் என்றால், உங்கள் வருமானத்தை நம்பி வாழும் அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. குடும்ப விவரத்தில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே சரிபாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிட்டு, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அவர்கள் எழுதித்தரும் மருத்துவமனைக்குப் போங்கள். நேராகத் தனியாரிடம் போய்விட்டுப் பிறகு பில்லைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.