பெயரில் ஓர் எழுத்து (கடிதம்)

வணக்கம் ஐயா,

கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. டிசம்பர் 16 அன்று 1971 இந்தியா-பாகிஸ்தான் போரைப் பற்றி மேடையில் பேச வேண்டும். பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேடர்பாலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். டாங்கி தீப்பற்றியதும் வெளியே வந்துவிடச் சொல்லி மேலதிகாரி ரேடியோவில் உத்தரவிட்டும் கேட்டர்பால் மறுத்துவிட்டார். இது வீரமா, கீழ்ப்படியாமையா? இன்றைய தலைமுறையில் இப்படி ஒருவர் வருவாரா? நம் சேலம் பக்கத்தில் இப்படி யாராவது உண்டா? என் பேச்சையும் இணைத்திருக்கிறேன். திருத்தித் தந்தால் மகிழ்வேன்.

*

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கீழ்ப்படியவில்லை என்று அவர் மேல் ராணுவம் குற்றம் சொல்லவில்லை, இருப்பதிலேயே பெரிய விருதைக் கொடுத்தது. அவர் ரேடியோவில் சொன்ன பதிலைக் கவனித்தீர்களா? என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்றார். தாய்நாடு, தியாகம் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. தறியில் இருப்பவன் இன்னும் பாவு இருக்கிறது, நெய்துவிட்டு வருகிறேன் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. எனக்கு அது போதும்.

இரண்டாவது கேள்விக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். ‘இன்றைய தலைமுறையில் வருவாரா’ என்பது என் வயதுக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி. உங்களுக்கு என்ன வந்தது? 1971 ஜூன் 13 அன்றுதான் அவர் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். டிசம்பர் 16 அன்று அந்த டாங்கியிலேயே இறந்தார். ஆறு மாதம் மூன்று நாள் வேலை பார்த்தார். இருபத்தொரு வயது. அதற்கு முதல்நாள்வரை அவரும் யாருக்கும் தெரியாத ஒரு பையன்தான்.

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டு விதமாக வருகிறது, இரண்டும் தப்பு. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறீர்கள். கேத்ரபால். நம் சிவன் கோயிலில் க்ஷேத்திரபாலர் என்று பைரவரைச் சொல்கிறோமே, அதே சொல்தான். இணைத்த பேச்சில் ‘மாவீரன்’ பதினான்கு முறை வருகிறது, எண்ணினேன். அதற்கெல்லாம் இடம் இருக்கிறது, பெயரை ஒருமுறை சரிபார்க்க நேரமில்லை.

2001-இல் அவருடைய அப்பா, எண்பதைத் தாண்டிய வயதில், பிறந்த ஊரைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அங்கே அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்த பிரிகேடியர் நாசர், கிளம்புவதற்கு முந்தைய இரவு, அருணைச் சுட்டது நான்தான் என்று சொன்னார். முப்பது வருஷம் கழித்து, சுட்டவருக்கு அந்தப் பெயர் மறக்கவில்லை. நமக்குத்தான் கேடர், கேட்டர்.

இன்னொன்று. அந்த சென்சூரியன் டாங்கிக்குள் இருந்தது அவர் ஒருவர் இல்லை, நான்கு பேர். ஓட்டியவர் பிரயாக் சிங். பீரங்கி சுட்டவர் நாத்து சிங். ரேடியோவைப் பார்த்துக்கொண்டவர் நந்த் சிங். இதில் நந்த் சிங்கும் அன்றைக்கு அந்த டாங்கியில்தான் இறந்தார். உங்கள் பேச்சில் டாங்கியின் பெயர் ஃபாமகுஸ்தா என்று இருக்கிறது, அது சைப்ரஸில் ஒரு ஊர் என்றுகூடத் தேடி எழுதியிருக்கிறீர்கள். இரும்புக்குப் பெயர் இருக்கிறது, நந்த் சிங் எங்கே?

நம் ஆட்கள் இப்படி இருந்தவர்கள் இல்லை. பழைய சேலம் ஜில்லா என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. அந்தப் பக்கம் நடுகல் இல்லாத ஏரிக்கரை குறைவு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் செத்தவன் கருந்தேவகத்தி. அவன் யாருடைய ஆள், என்ன செய்யும்போது விழுந்தான், எல்லாம் கல்லில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்தது என்று அதற்கும் தனியாக எழுத்து. மாவீரன் என்று ஒரு சொல் கிடையாது. 1,400 வருஷமாக ஒரு நாயின் பெயர் தப்பில்லாமல் நிற்கிறது.

சேலம் பக்கத்தில் யாராவது உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஏற்காட்டுக்குப் பின்பக்கமாக ஏறும் குப்பனூர் சாலையில், மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கேதான் நான் படித்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு கல், 1971-இல் போய்த் திரும்பாத ஒருவருக்கு வைத்தது. முருகனின் பெயர்தான் அவருக்கு, ‘ந்த’ வரும் பெயர். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ தமிழில் திருப்பி எழுத, ‘ந்த’ போய் ‘ண்ட’ ஆகிவிட்டது. அப்படியே வெட்டியும் விட்டார்கள்.

அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேகோ மில்லில் குச்சிக்கிழங்குத் தோல் உரிக்கிற வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கல்லுக்குப் பூ வைக்க வருவார். ஒருநாள் என்னைப் பிடித்து, “படிச்சுக் காட்டு சாமி” என்றார். பதினொரு வயது எனக்கு. இருக்கிறபடியே உரக்கப் படித்தேன்.

“யாரு அது?” என்றார்.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஏபிசிடி புதிதாகக் கற்றிருந்த திமிர். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் பாட்டி, அதனால் வந்த வினை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். எது தப்பான எழுத்து, காட்டு என்றார். காட்டினேன். கிழங்குப் பால் பட்டுக் கறுத்த நகம். மாவு காய்ந்த விரலால் அந்த எழுத்துகளை மட்டும் மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பூவோடு குழைத்த மஞ்சளும் வந்தது. சரியாக அந்த இரண்டு எழுத்தின் மேல் மட்டும் கெட்டியாக அப்பிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒருமுறை பள்ளிக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு தெறித்து அந்த இடம் மட்டும் சிவந்துவிட்டது. கல்லில் ரத்தம் வருகிறது என்று பையன்கள் அலறிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா சிரித்துவிட்டார். “மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காம என்ன பண்ணும்?”

பெயர் பெயர் என்று இவ்வளவு கத்திவிட்டு நானே அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த வீட்டார் வேண்டாம் என்றார்கள். குப்பனூர் வழியாகப் போனால் இறங்கிப் பாருங்கள், கல் இப்போது காம்பவுண்டுச் சுவர் ஓரம் இருக்கிறது.

பேச்சைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பதினான்கு மாவீரனையும் அடித்துவிட்டேன், அந்த இடத்தில் நந்த் சிங் வரட்டும். எழுதும்போது ‘ந்த்’ தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.